பார்ட்டன் ஹால், 1977: கிரேட்ஃபுல் டெட் குழுவின் கார்னெல் கச்சேரிப் பதிவு

1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் நிகழ்த்திய கச்சேரி, ரசிகர்களிடையே பல ஆண்டுகள் ஒலிநாடாப் பிரதிகளாகக் கைமாறிய பின், 2017-இல் மூன்று குறுந்தகடுகளாக அதிகாரபூர்வமாக வெளிவந்தது. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சனின் பதிவு என்பதே இதை வாங்கப் போதுமான காரணம்: ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரும் இரு டிரம்மர்களின் தாளமும் ஒன்றையொன்று அமுக்காமல் தனித்தனியே துலங்குகின்றன.

கச்சேரியின் இரண்டாம் பகுதியில், ‘ஸ்கார்லெட் பெகோனியாஸ்’ பாடல் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும்போதே பேஸ் மெல்லத் தன் போக்கை மாற்ற, அதற்குள்ளிருந்தே ‘ஃபயர் ஆன் த மவுன்டன்’ முளைத்தெழுகிறது. சுமார் 25 நிமிடங்கள் நீளும் இந்த இணைப்பில் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் ஓரிடத்திலும் அவசரப்படுவதில்லை. ராக ஆலாபனையை நிதானமாக விரிக்கும் வித்வான்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்தப் பொறுமை அந்நியமாகத் தோன்றாது.

முதல் பகுதி என்னை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாக எடுத்த பதிவாதலால் அரங்கின் ஆரவாரமும் சற்று அடங்கியே கேட்கிறது. மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிக்கும் ஜாம் இசைக்குப் புதியவர்கள் தயங்காமல் இரண்டாம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். நிறைவை நெருங்கும்போது வரும் ‘மார்னிங் டியூ’வை மட்டும் இடையில் நிறுத்தாமல், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.