அம்மா அஞ்சு மார்க் போட்ட கிரைண்டர்

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஓடுகிற இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இது. கம்பெனி பெயர் வேண்டாம். மாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உளுந்து பஞ்சுபோலப் பொங்கி வருகிறது, துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறது. பழைய பெரிய கிரைண்டர் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை.

வாங்கி ஒரு மாதத்தில் கம்பெனியிலிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. ஐந்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு பெண் கேட்டாள். "நல்லா இருக்கும்மா, அஞ்சே போட்டுக்கோ" என்றாள் அம்மா.

அந்த நேரம் கிரைண்டரின் மூடி பரண்மேல் கிடந்தது.

உளுந்துக்கு யாரும் தண்ணீரை மொத்தமாக ஊற்றுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கணும், ஓரத்தில் ஏறிய மாவை வழித்து உள்ளே தள்ளணும், இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கணும். இந்த மூடியோ திருகிப் பூட்டுகிற ரகம். ஒவ்வொரு தரமும் கழற்றி மாட்ட யாருக்குப் பொறுமை? மூன்றாம் நாளே ஒரு பழைய எவர்சில்வர் தட்டு மூடியாகிவிட்டது. முப்பது நிமிடத்தில் தானாக நிற்கிற டைமரும் அப்படித்தான். புது உளுந்துக்கு ஒரு நேரம், பழசுக்கு ஒரு நேரம். அம்மாவின் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. அந்த டைமருக்கு நான் தனியாகக் காசு கொடுத்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பாத்திரத்துக்குக் கைப்பிடி கிடையாது. அம்மாவுக்கு 63 வயது. மாவு சொட்டும் குழவிக்கல்லை முதலில் சிங்க்குக்குக் கொண்டுபோய், அப்புறம் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறாள். இதையெல்லாம் குறை என்றே அவள் நினைக்கவில்லை, அதனால் போனில் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு நாள் யாராவது எங்கள் அடுப்படியில் வந்து நின்றிருந்தால் போதும். சுமீத் மிக்ஸி அப்படிப் பிறந்ததுதானே? 1960களில் மனைவி மாதுரியின் பிரௌன் என்ற ஜெர்மன் கம்பெனி மிக்ஸி நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் போனதைப் பார்த்துத்தான் இன்ஜினீயர் சத்ய பிரகாஷ் மாத்தூர் தானே ஒன்றைச் செய்யக் கிளம்பினார்.

வாங்கலாமா என்றால், மாவுக்காக வாங்கலாம். டைமர் இல்லாத மாடலாகப் பாருங்கள்.

போன வாரம் மறுபடி போன். இந்தத் தடவை நான் எடுத்து மூடிக் கதையை விலாவாரியாகச் சொன்னேன். "சார், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க."

மூன்று என்றேன். அம்மா முறைத்தாள்.