கிளெய்மா, ஸ்ட்ரைக்கா? ரசிகர் ஏற்றும் பாட்டு வீடியோவுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

மாமாவிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. 1989-இல் ஒரு வெள்ளிக்கிழமை, சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியை விசிஆரில் பதிந்து வைத்தது. நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. மெதுவாகச் சுத்தம் செய்து, கணினிக்கு மாற்றி, பதினோரு நிமிடத்தை யூடியூபில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது. முதல் பாட்டு 1961-இல் வந்த படத்தினுடையது: வீடியோ இருக்கலாம், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். இரண்டாவது 1987 படப் பாட்டு: எந்த நாட்டிலும் யாரும் பார்க்க முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. 2007-இல் வந்த கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம், உரிமையாளர் கொடுத்து வைத்திருக்கும் ஒலியோடு நம் ஒலியை ஒப்பிட்டுப் போடுவது கிளெய்ம். அதனால் சேனலுக்கு ஆபத்து இல்லை. உரிமையாளர் சட்டப்படி ‘இதை எடு’ என்று நோட்டீஸ் கொடுத்தால் வருவது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும், அதில் இருக்கும் அத்தனை வீடியோவும் சேர்ந்து. ஸ்ட்ரைக் வந்த பிறகு பயந்துபோய் வீடியோவை அழிப்பவர்கள் உண்டு. அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது.

கிளெய்ம் வந்தால் மூன்று வழி: அப்படியே விட்டுவிடலாம், அந்தப் பகுதியை வெட்டலாம் அல்லது மியூட் செய்யலாம், இல்லையென்றால் டிஸ்ப்யூட், அதாவது ‘இந்தக் கிளெய்ம் தவறு’ என்று மறுப்பு, போடலாம்.

அப்படியே விடுவதை நம்மில் பலர் தோல்வியாக நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசுக்காக ஏற்றவில்லை என்றால், பாட்டு எழுதி இசைத்துப் பதிந்தவர்கள் பக்கம் நாலு காசு போவதில் நமக்கு என்ன நஷ்டம்? வீடியோ நிற்கிறது, கமெண்ட் நிற்கிறது, இணைப்பும் மாறவில்லை. உரிமையாளர் நாளைக்கு மனம் மாறித் தடை போடலாம். அது ஒன்றுதான் இதில் உள்ள குறை.

1961 பாட்டுக்கு டிஸ்ப்யூட் போடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அறுபது வருஷம் தாண்டிவிட்டதே என்பது அவர்கள் வாதம். பாதி சரி. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. 1961 படத்துக்கு அது 2021 கடைசியோடு முடிந்தது. ஆனால் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. மெல்லிசை மன்னர் விசுவநாதன் மறைந்தது 2015-இல். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. அந்த உரிமை இன்று யார் கையில் இருக்கிறது என்பது தனிக் கதை. இன்னொன்று, ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பில் இருக்கும் உரிமை 25 ஆண்டுதான். என் கேசட்டில் அது 2014-லேயே முடிந்துபோனது. ஒரே நாலு நிமிடத்தில் இத்தனை உரிமை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு.

இந்த அடுக்குகளைப் புரியவைக்க ஒரு சம்பவம் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் பாடகர் பிரின்ஸ், ரேடியோஹெட் குழுவின் பாட்டு ஒன்றை மேடையில் பாடினார். ரசிகர்கள் பதிந்து ஏற்றிய வீடியோக்களைப் பிரின்ஸ் தரப்பு எடுக்கவைத்தது. ரேடியோஹெட்டின் தாம் யார்க், அது எங்கள் பாட்டு, தடையை எடுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். பாட்டு ஒருவருடையது, பாடியது இன்னொருவர், பதிந்தவர் மூன்றாமவர்.

டிஸ்ப்யூட் எப்போது சரி? நானே ஒன்றில் ஜெயித்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்வான் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை, அவரிடம் கேட்டுக்கொண்டு, நானே பதிந்து ஏற்றினேன். ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆல்பம் என்று கிளெய்ம் வந்தது. தியாகராஜர் 1847-இல் சமாதியானவர், கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. வாசித்தவர் அனுமதி கொடுத்திருக்கிறார், பதிவு என்னுடையது. இதை நாலே வரியில் எழுதிப் போட்டேன். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு, சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாகப் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. கர்நாடக இசை ஏற்றுகிறவர்கள் இந்த வழியைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரே ராகம், ஒரே கீர்த்தனை என்றால் இயந்திரம் தடுமாறுகிறது. யூடியூப் 2021-இன் முதல் பாதிக்குக் கொடுத்த அறிக்கையில், டிஸ்ப்யூட் ஆனவற்றில் சுமார் 60 சதவீதம் ஏற்றியவர் பக்கமே முடிந்திருக்கிறது. ஆனால் மொத்தக் கிளெய்மில் ஒரு சதவீதம்கூட டிஸ்ப்யூட் ஆகவில்லை. நியாயம் இருப்பவர்களும் பயந்து சும்மா இருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நியாயம் இல்லாமல் டிஸ்ப்யூட் போட்டால், எதிர்த்தரப்பு நேரே நோட்டீஸ் கொடுக்கலாம். அப்போது கிளெய்ம் ஸ்ட்ரைக்காக மாறிவிடும். ‘உரிமை அனைத்தும் உரியவருக்கே’ என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதியிருந்தேன் என்பதெல்லாம் செல்லாது.

ஸ்ட்ரைக்கே வந்துவிட்டால் 90 நாள் பொறுத்திருக்கலாம், நோட்டீஸ் கொடுத்தவருக்கு மெயில் போட்டுத் திரும்பப் பெறச் சொல்லலாம், அல்லது ‘எடுத்தது தவறு’ என்று சட்டப்படி மறுக்கும் கவுன்டர் நோட்டீஸ் அனுப்பலாம். மரியாதையாக ஒரு மெயில் எழுதுவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கவுன்டர் நோட்டீஸில் பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்து, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். பென்சில்வேனியாவில் ஒரு தாய், ஒரு பாட்டுக்குக் குழந்தை ஆடிய 29 விநாடி வீடியோவுக்காக 2007-இல் நோட்டீஸ் வாங்கினார். கவுன்டர் நோட்டீஸ் கொடுத்து வீடியோவை மீட்டார். ஆனால் தவறாக நோட்டீஸ் கொடுத்ததற்காக அவர் போட்ட வழக்கு முடிய 2018 ஆனது. நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கும் வகையா, என்று பார்த்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு, 2015-இல் அதில் கிடைத்ததுதான்.

நம் சட்டத்திலும் ஒரு முறை இருக்கிறது. புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறக்கலாம். முகவரியைக் கொடுத்து வெளிநாட்டுக் கோர்ட்டுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்பதால் ரசிகருக்கு இதுவே மேல். ஆனால் யூடியூப் நம் முன்னால் வைக்கும் படிவம் அமெரிக்க வழிதான்.

இனி கேசட். முதல் பாட்டின் கிளெய்மை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டுக்கு 2047 வரை உரிமை ஓடுகிறது, என்னிடம் வாதம் எதுவும் இல்லை. அதை மியூட் செய்தால் ஆட்டம் மட்டும் ஊமையாக ஓடும், மனசு கேட்கவில்லை. பாட்டின் நடுவே ஒளிபரப்பு ஒரு தடவை அறுந்திருந்தது. அதனால் அதை எடிட்டரில் இரண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். இப்போது ஏழு நிமிடம் மிச்சம். அறிவிப்பாளர் அடுத்த படத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார். உடனே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ பலகை வந்து இருபது விநாடி நிற்கிறது.