வெளியே தோண்டுவதா, உள்ளே உடைப்பதா? கனடாப் பனியும் வீட்டு அத்திவாரமும்

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய பங்களோ ஒன்றில் இருக்கிறோம். பெப்ரவரியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெயில் எறித்து முற்றத்துப் பனி இளகினால், நிலத்தடி அறையான பேஸ்மென்டின் வடக்குச் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறும். காய்ந்த பிறகு அந்த இடம் முழுக்க மாத் தூவியது போல உப்புப் பூத்திருக்கும். விரல் பட்டால் பெயின்ட் பொருபொருவென்று உதிரும். நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்கு பேரும் நான்கு வைத்தியம் சொன்னார்கள், விலைகளும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பனி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். கல்லின் நுண்துளைக்குள் நிற்கும் நீர் அப்படிப் பருத்தால் கல் பொரியும், சாந்து உதிரும். அதைவிடப் பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்து, தகடு தகடாகப் பனிக்கட்டி வளர்க்கும். அந்தத் தகடுகள் மண்ணைத் தூக்கும், சுவரை நெட்டும். சில வேளை உறைந்த மண் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு மேல்வரிக் கற்களைத் தன்னோடு தூக்கப் பார்க்கும். இரண்டு வரிக் கற்களுக்கு நடுவே படுக்கையாக ஓடும் வெடிப்புக்கு இப்படி ஒரு காரணம் உண்டு. ரொறன்ரோவில் ஃபுட்டிங், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளம், குறைந்தது 1.2 மீற்றர், அதாவது 4 அடி ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த உறைபனிக்கு எட்டாமல் இருக்கத்தான். முழு பேஸ்மென்ட் உள்ள வீட்டில் ஃபுட்டிங் அதற்கும் கீழே பத்திரமாக இருக்கும். அடி வாங்குவது மேல் நான்கு அடிச் சுவர். அதிலும் இங்கே குளிர் ஒரேயடியாக நிற்பதில்லை. பூச்சியத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் இளகி உறைவதுதான் சுவரை அரிக்கிறது.

ஆக, குளிரை நாம் நிறுத்த முடியாது, சுவரோரத் தண்ணீரை நிறுத்தலாம். எந்த வைத்தியத்தையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: உறைவதற்கு முன்னால் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்குகிறதா?

மிக மலிவானது, கூரை நீரை ஏந்தும் பீலியைச் சரிசெய்வது. 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,300 லீற்றர் தண்ணீர் இறங்கும். அது நான்கு குழாய்களால் இறங்கிச் சுவரின் காலடியிலேயே விழுந்தால் சுவரில் பூசும் எந்த மெம்பிரேனும் (நீர் புகாத் தடுப்புப் படலமும்) உதவாது. குழாயை ஆறு அடி தள்ளி நீட்டிவிடுங்கள். ரொறன்ரோவில் கூரைக் குழாயை நிலத்தடிக் கழிவுக் குழாயோடு இணைத்து வைக்கவும் கூடாது. நகரம் முழுவதும் அது இப்போது கட்டாய விதி. சுவரோர மண் வருடக்கணக்கில் இறங்கி, வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால், களிமண் கலந்த மண் போட்டு வெளிப்பக்கம் சரியுமாறு மேடாக்குங்கள். டிரைவ்வேயில் தள்ளும் ஸ்னோவைச் சுவரோடு குவிக்காதீர்கள். இது ஒரு சனி, ஞாயிறு வேலை. எங்கள் வீட்டில் கிழக்குச் சுவர் இதோடேயே காய்ந்துவிட்டது. வடக்குச் சுவர் கேட்கவில்லை.

அப்போதுதான் பெரிய கேள்வி வந்தது: வெளியே தோண்டுவதா, உள்ளே தரையை உடைப்பதா?

உள்வேலை எப்படியென்றால், சுவரோரமாகத் தரைக் கொங்கிரீட்டை ஓரடி அகலத்துக்கு உடைத்து, ஃபுட்டிங் ஓரமாகத் துளையிட்ட குழாய் பதித்து, வரும் தண்ணீரை ஒரு குழிக்கு ஓடவிட்டு, சம்ப் பம்பால் வெளியே தள்ளுவது. எங்களுடையது போல உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல் சுவர் என்றால் அடிக்கற்களில் ஓட்டை போட்டு, உள்ளே தேங்கிய நீரையும் வடியவிடுவார்கள். பெரும்பாலும் வெளிவேலையைவிட மலிவு. ஜனவரியிலும் செய்யலாம். படிக்கட்டு, இன்டர்லொக் கல் பாதை, பக்கத்து வீட்டோடு பொதுவான டிரைவ்வே எதையும் தொட வேண்டியதில்லை.

வெளிவேலை வேறு மாதிரி. சுவரோரமாக ஃபுட்டிங் வரை தோண்ட வேண்டும். சுவரைக் கழுவி, ஓட்டை உடைசலைச் சாந்தால் பூசி, ரப்பர் மாதிரியான மெம்பிரேனைத் தடவி, அதன்மேல் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை அடித்து, கீழே நீரை வடிக்கும் புதிய வீப்பிங் டைல் குழாயும் கழுவிய சல்லியும் போட்டு மூடுவார்கள். விலை அடிக் கணக்கில். ஆழமும் இடநெருக்கடியும் கூடக் கூட விலையும் ஏறும். பூமரம், வேலி, படி எல்லாம் போய்த் திரும்பி வர வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவையைக் கூப்பிட்டு எரிவாயுக் குழாய், மின்சாரக் கம்பிகளை அடையாளம் இடச் சொல்வது சட்டப்படி கட்டாயம். வீட்டுக்காரருக்கு அது இலவசம்.

முதலில் வந்த நிறுவனம் பத்து நிமிடம்கூட வெளியே நின்று பார்க்கவில்லை. உள்வேலைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மூன்றாவதாக வந்தவர் எங்கள் ஆள், வயதானவர். அவர் ஒன்றும் பேசாமல் அடிக்கல்லில் ஒரு ஓட்டை போட்டார். பென்சில் தடிப்பில் தண்ணீர் பாய்ந்தது. வாளியை வைத்தோம். அரை வாளிக்கு மேல் வந்துதான் ஓய்ந்தது. ஏப்ரல் மாதம், மழைகூட இல்லை. “தம்பி, உள்ளுக்குக் குழாய் போட்டால் உங்கட தரை காயும். சுவர் காயாது. மாரிக்கு இந்தத் தண்ணி கல்லுக்கையே உறையும்” என்றார்.

எனக்கு விடை கிடைத்தது அந்த வாளியில்தான். உள்வேலை தண்ணீரை நிர்வகிக்கிறது. சுவருக்கு வெளியே ஈரமண் அப்படியே நிற்கிறது, அது உறையும், நெட்டும். கற்களின் உட்குழியை வடித்தாலும் வெளிமுகம் நனைந்தபடிதான். வெளிவேலையில் அந்த மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே தகடும் சிறு காற்றிடைவெளியும் வந்துவிடுகின்றன. சுவரோரத்தில் சல்லியை நிறைத்தால் நீர் தேங்காது, தேங்காத இடத்தில் பனித் தகடு வளர்வதும் அருமை. எங்கள் சுவரைத் தோண்டியபோது பழைய மண்குழாய் வெளியே வந்தது. ஒரு துண்டை எடுத்துத் தட்டினேன். உள்ளே சேறும் வேரும் இறுகி, குழாயின் அச்சிலேயே ஒரு கட்டியாகக் கழன்று விழுந்தது. அதற்குள்ளால் நீர் போயே பல வருடமாகியிருக்கும்.

உள்வேலைக்கு இன்னொரு பனிக்காலப் பலவீனம் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வது அரிது. பம்ப் தள்ளும் நீர் வெளியேறும் குழாயின் வாய் உறைந்துபோகும். உள்ளே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், நீர் திரும்பி வரும், கடைசியில் மோட்டார் போகும். அந்தக் குழாய் நீர் தங்காமல் சரிவாக இருக்க வேண்டும். வாய் அடைத்தாலும் நீர் வெளியேற வீட்டோரமாக ஒரு மாற்றுவழி வேண்டும். பற்றரிப் பம்ப் ஒன்றும் துணைக்கு வேண்டும், ஏனென்றால் உறைமழை அடிக்கும் நாளில்தான் மின்சாரமும் போகும்.

ஆனாலும் உள்வேலையை வேண்டாம் என்று ஒதுக்க மாட்டேன். இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்றடிதான் இடம் என்றால், சுவரை ஒட்டிப் பெரிய கொங்கிரீட் படி இருந்தால், அல்லது தண்ணீர் சுவரால் வராமல் தரைக்குக் கீழிருந்து மேலே எழுகிறது என்றால், அதுவே சரி. தரைக்குக் கீழிருந்து வரும் நீருக்கு வெளி மெம்பிரேன் மருந்தே இல்லை.

வார்த்த கொங்கிரீட் சுவர்க்காரர்களுக்கு நல்ல செய்தி. 80களுக்குப் பிறகு ரொறன்ரோவை அடுத்த மார்க்கம், பிரம்டன் நகரங்களில் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் அந்த வகை. ஜன்னல் மூலையிலிருந்து கீழே ஓடும் ஒற்றை வெடிப்பால் மட்டும் ஒழுகினால், உள்ளிருந்தே ஊசி மருந்து போல அடைக்கலாம், அரை நாள் வேலை. அடைக்கும் பசை இறுகி நிற்கும் இப்பொக்சியா, பொலியூரித்தேனா என்று கேட்பார்கள். குளிரில் கொங்கிரீட் சுருங்க வெடிப்பு விரியும். ஒழுக்குக்கு, நெகிழ்ந்து கொடுக்கும் பொலியூரித்தேன்தான் என் தேர்வு. சுவரின் பலமே குறைந்திருந்தால் இப்பொக்சி, அதுவும் பொறியாளர் பார்த்த பிறகு. உட்குழியுள்ள கல் சுவருக்கு இரண்டும் சரிவராது.

அப்புறம் குளிர்காப்பு. உள்ளே ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் அறை கதகதப்பாகும், ஆனால் வீட்டுச் சூடு சுவருக்குப் போகாததால் சுவர் முன்னைவிடக் குளிரும். ஈரச் சுவருக்கு மேல் ஃபோம் அடிப்பது நோயை மூடிக் கட்டுவதுதான். வெளியே எப்படியும் தோண்டுகிறீர்கள் என்றால் இரண்டங்குல ஃபோம் பலகையை வெளிப்பக்கம் வைத்துவிடுங்கள், சுவர் வீட்டுச் சூட்டிலேயே இருக்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் சனம் அதிகம் செய்யும் ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பேஸ்மென்டை வாடகைக்கு விடத் தனி வாசல் வெட்டுகிறோம். சுவரோரமாக ஆறேழு அடி பள்ளம் எடுத்துப் படி இறக்கும்போது, அந்த இடத்து ஃபுட்டிங்குக்கு மேலே இருந்த நாலடி மண் போர்வை போய்விடுகிறது. உறைபனி நேரே ஃபுட்டிங்குக்குக் கீழே இறங்கும். அங்கே ஃபுட்டிங்கை ஆழமாக்க வேண்டும், அல்லது முறையான குளிர்காப்பு வைக்க வேண்டும். படியின் அடியில் வடிகாலும் வேண்டும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் மலிவாக வெட்டித் தருபவர் இதை விட்டுவிட்டுப் போனால், இரண்டு மாரிக்குப் பிறகு வாசலுக்கு மேலே வெடிப்பு ஏறும்.

காப்புறுதியை நம்பி இருந்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரால் கசியும் நீருக்குப் பொதுவாக அவர்கள் தர மாட்டார்கள். பம்புக்கும் கழிவுநீர் திரும்பாமல் தடுக்கும் வால்வுக்கும் நகரசபையில் மானியத் திட்டம் இருக்கிறது, வேலை தொடங்க முதலே அதன் நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள்.

விலை கேட்பதற்கு நல்ல காலம் பனி இளகும் நாட்கள்தான். ஈரம் எங்கே ஏறுகிறது என்று அப்போது கண்ணால் பார்க்கலாம். ஈரத்தின் மேல்விளிம்பில் சோக்கால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதிப் படம் எடுத்து வையுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டி, “இந்தக் கோடு அடுத்த வருடம் வராமல் இருக்க என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்.