கிராஃபர்ட் மார்க்கெட் உடுமீன்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மும்பை கிராஃபர்ட் மார்க்கெட் வளர்ப்பு மீன் கடைகளில், வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ‘ஸ்டார்ஃபிஷ்’ என்று கேட்டால் கிடைக்கும் உடுமீன்களுக்கு மொத்தமாக 5-க்கு 2 கொடுக்கலாம். அந்த 2-ம் ஒரே ஒரு வகையின் புண்ணியம்.

கண்ணைப் பறிப்பது நீல லிங்க்கியா வகை. சாவதிலும் அதுதான் முந்தி. “தீனி போடவே வேண்டாம், பாசி போதும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். அது மேய்வது பாறைமேல் மெல்லப் படியும் உயிர்ப்படலத்தை. கண்ணாடியில் படரும் பச்சையை அல்ல. ஒரு வருஷம் ஓடிய, லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய பாறை) நிறைந்த 400 லிட்டர் தொட்டியிலேயே தேறுமா என்பது சந்தேகம். செம்பூர் ஃபிளாட் ஹாலின் மூன்றடித் தொட்டியில் அந்தப் படலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு தன் உடம்பையே கரைத்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நடுத்தட்டு குழிந்து கைகள் ஒல்லியாவதைக் கவனிக்காதவர்களுக்குத்தான் அது ‘திடீர்’ சாவு. மணல் கிளறும் வகைக்கும் இதே கதி. மணலில் புழுக்கள் தீர்ந்ததும் பட்டினி. புதைந்தே கிடப்பதால் செத்தது அமோனியா ஏறும்போதுதான் தெரியும்.

வாங்கிய வாரமே செத்தால் பெரும்பாலும் காரணம் உப்பு. உடுமீனுக்குத் தன் உடல்நீரின் உப்பளவைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகளை அடக்கவும் ஒப்படர்த்தி (உப்பு கூடக் கூட ஏறும் அளவு) 1.019-இல் தொட்டி ஓட்டும் கடைகள் உண்டு, வீட்டில் 1.025 இருக்கும். பையை அரைமணி மிதக்கவிட்டுக் கவிழ்த்தால் வெப்பம் சமமாகும், உப்பு ஆகாது. சில நாளில் வெள்ளைத் திட்டு, கரையும் கைநுனி, நாற்றம்.

பையின் அரை லிட்டர் நீரோடு வாளியில் விட்டு, முடிச்சுப் போட்ட ஏர் டியூபில் தொட்டி நீரை விநாடிக்கு 2 சொட்டாக இறக்குங்கள். ஒன்றரை மணியில் நீர் இரட்டிப்பாகும். பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி. மூன்று சுற்றில் வித்தியாசம் எட்டில் ஒரு பங்காகிவிடும். வாளி ஏசி அறையில் இருக்கட்டும், மே மாத ஹாலில் நீர் 30 டிகிரியைத் தாண்டும், வேண்டியது 25. காற்றுப் படாமல் டப்பாவில் ஏந்தி மாற்றுங்கள். உப்பை அளக்க, ஒளிவிலகலை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர்தான், அதையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு தப்பும். சௌபாட்டிக் கடற்கரை நீரைப் பிடித்து ஊற்றும் யோசனை வேண்டாம். மழைக்காலத்தில் உப்பு இறங்கும். சாக்கடைக்குக் காலமே கிடையாது.

அந்த 2 மதிப்பெண் சாக்லேட் சிப் வகைக்கு. பவளம் இருந்தால் தின்றுவிடும், ஆகவே மீன் மட்டும் உள்ள தொட்டிக்கே. ஆனால் கையால் தீனி போடலாம்: ஓடு நீக்கிய பச்சை இறாலில் நகமளவு துண்டு, வாரம் இரண்டு மூன்று முறை, அதன் அடியில் தள்ளிவிட்டால் போதும். இரைப்பையை வெளியே நீட்டிச் செரித்துக்கொள்ளும். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

கடையிலேயே தண்ணீருக்குள் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நலமானது தானே புரளும், தொங்கிக் கிடப்பது வேண்டாம். அடிப்பக்கம் ஒட்டுண்ணி நத்தை இருக்கிறதா பாருங்கள். தொட்டியில் உடுமீனுக்கு ஆகாத தாமிர மருந்து போட்டார்களா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே க்ளௌன் மீன் மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.