மூக்குக்கண்ணாடியா, கொன்டாக்ட் லென்ஸா: வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

மாங்குளத்துக்கு உள்ளே, கிரவல் வீதியொன்றில் உழவு இயந்திரத்தின் பின்னால் மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு மூக்குக்கண்ணாடி பாதிப் புழுதியையாவது மறித்துவிடும். லென்ஸ் அணிந்தவரோ துகளொன்று அதனடியில் சிக்கினால், வண்டியை ஓரங்கட்டிச் சவர்க்காரமும் தண்ணீரும் தேட வேண்டும். கழுவிய கையை ஈரம் போகத் துடைத்த பின்னரே லென்ஸைத் தொடலாம்.

லென்ஸின் மேன்மையையும் மறுப்பதற்கில்லை. அது விழியோடு சேர்ந்தே அசைவதால் பக்கப் பார்வை தடைப்படுவதில்லை. கிட்டப்பார்வைக்கான தடித்த கண்ணாடியைப் போலப் பொருள்களைச் சிறிதாக்கிக் காட்டுவதுமில்லை. கரப்பந்தாட்டத்தில் வியர்வைக்கு வழுக்கி விழும் கண்ணாடியைப் பிடித்துப் பிடித்தே களைத்தவருக்கு இதன் அருமை புரியும்.

பெரிய சிக்கல் தண்ணீர்தான். கிணற்றிலும் குளத்திலும் வாழக்கூடிய அகாந்தமீபா என்னும் ஒருகல உயிரி, லென்ஸில் ஒட்டிக் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும் என்பதால், லென்ஸைத் தண்ணீரில் கழுவுவதும், அணிந்தபடியே குளத்தில் முழுகுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. கொதித்தாறிய நீரும் லென்ஸைக் கழுவுவதற்கென உள்ள கரைசலுக்கு ஈடாகாது. கழற்றாமல் உறங்கினாலும் தொற்று வாய்ப்புக் கூடும்.

செலவிலும் கண்ணாடியே இலகு. வயலுக்கும் வீதிக்கும் கண்ணாடி, ஆட்டத்துக்கும் கலியாண வீட்டுக்கும் ஒருநாள் பாவனை லென்ஸ் என்பதே என் தெரிவு. லென்ஸை மட்டுமே விரும்புபவரும், கண் சிவக்கும் நாளுக்கென ஒரு கண்ணாடியை வைத்திருந்தே ஆகவேண்டும்.