செங்காந்தள் கிழங்கு: வாங்கி நட்டுப் பார்த்ததில் கண்டவை

சென்ற ஆனியில், எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் இருக்கும் நாற்றுப் பண்ணை ஒன்றில், கிழங்கு ஒன்று 60 ரூபாய் வீதம் நான்கு செங்காந்தள் கிழங்குகளை வாங்கி, தோட்டத்துக் கம்பி வேலியோரம் நட்டேன். மூன்று முளைத்தன. நான்காவது முளைக்காமல் போனதற்கு மண்ணும் நீரும் காரணமல்ல, அதைக் கட்டிக் கொடுத்த விதமே காரணம்.

கலப்பையைப் போலக் கவைத்திருக்கும் இந்தக் கிழங்கில், உருளைக்கிழங்கில் இருப்பதுபோல் பல கண்கள் கிடையா. கவையின் நுனியில் மட்டுமே குருத்து இருக்கும். அது ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தும் பயனில்லை. நான்கையும் ஒரே பாலித்தீன் பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்ததால், வீட்டில் பிரித்தபோது ஒன்றின் இரு நுனிகளும் நசுங்கி, உள்ளிருந்த வெண்சதை தெரிந்தது. கொண்டுபோய்க் காட்டியும் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

அதைவிட வருத்தமளித்தது வேறொன்று. இச்செடியின் கிழங்கு, விதை உள்ளிட்ட எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் மருந்து நிறுவனங்களுக்காக இதன் விதையைப் பயிரிடுவதும் அந்தப் பொருளுக்காகவே. கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டதை இஞ்சி, மஞ்சள் விதைக்கிழங்குகளோடு ஒரே மேசையில், எச்சரிக்கையாக ஒரு சீட்டுக்கூட இல்லாமல் குவித்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் வந்துபோகும் கடையில் இதை நான் மன்னிக்க மாட்டேன்.

கிழங்கின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செம்மண்ணில் மணலும் மட்கிய சாணமும் கலந்து, நீர் தேங்காதபடி மேடாக்கி, நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து நட்டேன். கொடி வளர வளர, ஒவ்வோர் இலையின் நுனியும் தானே சுருண்டு கம்பியைப் பற்றிக்கொண்டது. நான் கயிறு கட்டவே இல்லை. ஆவணியில் கறுப்பும் வெள்ளையும் செம்புள்ளிகளுமான புழுக்கள் இலைகளை மொட்டையடித்தபோது, உறை அணிந்து நாள்தோறும் பொறுக்கினேன். ஐப்பசி மழையில் மொட்டுகள் பசுமையாகத் தலைகவிழ்ந்து வந்தன. விரிந்ததும் ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி வளைந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நின்று, சில நாள்களில் முழுவதும் குருதிச் சிவப்பாயின. தமிழ்நாட்டின் மாநில மலரை அதுவரை படத்தில் மட்டுமே கண்டிருந்த என் மகள், பள்ளிக்குப் போகுமுன் வேலியருகே சென்று நிறத்தைப் பார்த்துவிட்டே கிளம்பினாள்.

தை மாதம் கொடி காய்ந்ததும் தோண்டி எடுத்த புதுக்கிழங்குகளை, நுனி படாமல், பூட்டிய அறையில் உலர்மணலில் வைத்திருக்கிறேன். இன்னும் சில தேவைப்பட்டால் அதே பண்ணைக்குத்தான் போவேன். ஆனால் வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு நுனியையும் பார்த்த பிறகே பணம் கொடுப்பேன்.