விர்ச்சுவல் பொக்ஸ் நாலு வருடப் பாவனை: டிரைவர் எச்சரிக்கை எப்படி நின்றது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கலியாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு (இறந்தவரின் நினைவு மலர்), இவைதான் வேலை. கடைக் கணினியில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். ஆனால் பழைய கோப்புகள் எல்லாம் உபுண்டுவில் ஓடாத பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் செய்தவை. அப்பாவுக்குக் கல்வெட்டு அடித்த வீட்டார் அம்மாவுக்கும் அதே மாதிரி கேட்டு வருவார்கள். வம்சாவழிப் பக்கம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். அதற்காகவே, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவைக்கும் மென்பொருளான விர்ச்சுவல் பொக்ஸுக்குள் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு 4 வருடமாகப் பாவிக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க என்னை அலைக்கழித்தது ஒரே ஒரு எச்சரிக்கை. கேர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை, எண் -1908 என்று ஒரு பெட்டி வரும், எக்ஸ்பி திறக்காது. கேர்னல் என்பது உபுண்டுவின் மையப் பகுதி, டிரைவர் என்பது விர்ச்சுவல் பொக்ஸை அதோடு இணைக்கும் சிறு நிரல். கரண்ட் போய் வந்த நாட்களில்தான் வரும். அதனால் கரண்ட்தான் காரணம் என்று நினைத்து, யூபிஎஸ் பற்றரியைக்கூட மாற்றினேன். பெட்டியிலேயே சொல்லியிருக்கும் ‘வி பொக்ஸ் கொன்ஃபிக்’ கட்டளையை டெர்மினலில் அடித்தால் சில நேரம் சரிவரும், சில நேரம் வராது.

ஒருநாள் விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா, மனைவியின் கல்வெட்டுக்குப் புரூஃப் பார்க்க வந்திருந்தார். அடுத்த நாள் 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று பார்த்து அதே பெட்டி. கட்டளையும் எடுபடவில்லை. “ஆறுதலாப் பாருங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு, மடியில் வைத்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணினியை மறுபடி தொடக்கி, தொடக்கத்தில் வரும் குரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவு செய்தேன். எக்ஸ்பி உடனே திறந்தது. அப்போதுதான் காரணம் பிடிபட்டது. உபுண்டு புதிய கேர்னலைத் தானாக இறக்கி வைத்துவிடும், ஆனால் கணினியை மறுபடி தொடக்கும்போதுதான் அது வேலைக்கு வரும். நான் கணினியை நிறுத்துவதே இல்லை, கரண்ட் போனால்தான் நிற்கும். விர்ச்சுவல் பொக்ஸின் டிரைவரோ அந்தந்தக் கேர்னலுக்கென்று தனியாகக் கட்டப்படவேண்டியது. மென்பொருளில் பிழை இல்லை.

அன்றிரவே இருந்து சரிசெய்தேன். டிகேஎம்எஸ் என்ற கருவி இருந்தால் ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் டிரைவரைத் தானாகக் கட்டும். ஆனால் கட்டுவதற்கு அந்தக் கேர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். நான் முன்பு ஒரு குறிப்பிட்ட கேர்னலின் ஹெடரை மட்டும் போட்டிருந்தேன். ‘லினக்ஸ் ஹெடர்ஸ் ஜெனரிக்’ என்ற பொதுப் பொதியைப் போட்டால், கேர்னல் மாறும்போது ஹெடரும் கூடவே வரும்.

அடுத்தது செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் பாதுகாப்பு. அது இயங்கும் கணினியில் கையொப்பமிடாத டிரைவரைக் கேர்னல் ஏற்காது. பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை நிறுத்திவிடு என்று பலர் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில், டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியைக் கணினியில் பதியலாம். டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், பிறகு கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 10 செக்கனுக்குள் ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் மொக்’ (சாவியைப் பதி) என்பதைத் தெரிவு செய்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். நான் முதல் தடவை போட்டோகொப்பி எடுக்க வந்த பிள்ளையுடன் கதைத்துக்கொண்டு நின்றதில் திரை போய்விட்டது. தவறவிட்டால் திரும்ப முதலிலிருந்து செய்யவேண்டும், ஆகவே ஆளில்லா நேரத்தில் செய்யுங்கள். ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு கட்டப்படும் டிரைவர்களுக்கு அதே சாவியால் தானாகவே கையொப்பம் விழும். அதன் பிறகு -1908 என் கடையில் வரவே இல்லை.

மற்ற எச்சரிக்கைகள் சில்லறை. எக்ஸ்பிக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல் பொக்ஸின் துணை மென்பொருளைப் போடும்போது விண்டோஸ் லோகோ சோதனையில் தேறாத டிரைவர் என்று வந்துகொண்டே இருக்கும். சிஸ்டம் புரொப்பர்ட்டீஸ், ஹாட்வெயார், டிரைவர் சைனிங் போய் ‘இக்னோர்’ வைத்தேன். வேலை முடிந்ததும் பழையபடி ‘வோர்ன்’ஆக்கிவிட்டேன். மவுஸ், கீபோர்ட் பற்றிய செய்திகளுக்கு ‘இனிக் காட்டாதே’ என்ற கட்டத்தில் சரி போட்டால் போதும். எல்லாச் செய்தியையும் ஒரேயடியாக மறைக்கவும் கட்டளை உண்டு. போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன், புதிதாக ஒன்று வந்தால் எனக்குத் தெரியவேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்துவிட்டதால் அதற்கு இணைய இணைப்புக் கொடுக்கவே இல்லை. பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, பகிர்வுக் கோப்புறை வழியாக உபுண்டுவுக்கு எடுத்துத்தான் அச்சடிக்கிறேன்.